ஆப்போசிஷன் அண்ணாச்சியும் எங்கள் வீட்டுக் கருவாடும்

ஐதராபாத் மாரெட்பள்ளியில், எங்கள் அபார்ட்மெண்டில், ஆப்போசிஷன் அண்ணாச்சி எதிர்க்காத விஷயம் ஒன்று இருந்தால், அது இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை என்று அர்த்தம். தண்ணீர்த் தொட்டிக்குப் பச்சை வர்ணம் என்றால் எதிர்ப்பார். சரி, நீலமே அடிக்கிறோம் என்றால் அதையும் எதிர்ப்பார். நீலம் கேட்டவரே அவர்தான்.

தூத்துக்குடிக் கத்தோலிக்கர், ரிட்டயரான ஜெர்மன் வாத்தியார். மாதாவுக்கு அடுத்தபடி அவர் கும்பிட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் கத்தோலிக்க எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரை. அந்தத் தலைவர் ஆள் குள்ளம், பார்வையும் மங்கல். அவர் மந்திரியாக இருந்த சின்ன ராஜ்யத்தைப் பக்கத்துப் பெரிய ராஜ்யமான பிரஷ்யா விழுங்கிவிட்டது. மனிதர் அசரவில்லை. பாராளுமன்றத்துக்குப் போய், பாதிரியார்களை ஜெயிலுக்கு அனுப்பிய பிரதம மந்திரியைத் தூங்கவிடாமல் அடித்தாராம். லிப்ட் ரிப்பேருக்காகக் கூட்டம் கூடினாலும் இந்தக் கதை முழுசாக வரும். லிப்ட் அடுத்த கூட்டத்துக்குப் போகும்.

தூத்துக்குடியில் பிறந்தும் அண்ணாச்சிக்குக் கருவாட்டு வாசம் ஆகாது. நாங்கள் எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிறு பூசை முடிந்து அவர் படியேறும் நேரம் பார்த்துத்தான் என் மனைவி நெத்திலிக் கருவாடு வறுப்பாள். உடனே கதவைத் தட்டுவார்.

"இது வீடா வே, மீன் மார்க்கெட்டா?"

ஒருநாள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் செக்ரட்டரி தீர்மானம் கொண்டுவந்தார். கருவாடு சமைக்கும் வாடகைக்காரர்கள் காலி செய்ய வேண்டுமாம். என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரம்.

"உங்களுக்காகத்தான் அண்ணாச்சி இது. நீங்க சரின்னா முடிஞ்சுது," என்றார் செக்ரட்டரி. அவர் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழர்.

அண்ணாச்சி எழுந்தார். "அந்த ஜெர்மன்காரருக்கு சோஷலிஸ்டுகளைக் கண்டாலே ஆகாது. ஆனா அவங்களை ஒடுக்கச் சட்டம் வந்தப்போ எந்திரிச்சு எதிர்த்தாரு. ஏன்னா, முந்தி அவரு ஆளுங்களுக்கும் இதே மாதிரிச் சட்டம் வந்துச்சு."

"கருவாட்டுக்கு ஜெர்மனி கைக்கு சார்? நக்கோ சார்," என்றார் செக்ரட்டரி. ஏன், வேண்டாம் என்பதெல்லாம் அவர் வாயில் ஐதராபாத் உருதுவில் கைக்கு, நக்கோ என்றுதான் வரும்.

அண்ணாச்சி கேட்கவில்லை. அந்தத் தலைவரின் பிறப்பிலிருந்து ஆரம்பித்தார். சாப்பாட்டு வேளை தாண்டியது. கதையில் தலைவர் அடக்கம் செய்யப்படுவதற்குள் பசி பொறுக்காமல் செக்ரட்டரி தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டார்.

நன்றி சொல்லப் போனேன்.

"நன்றியை நீரே வச்சுக்கிடும். அந்த நாத்தம் எனக்கு இப்பவும் ஆகாது," என்று கதவைச் சாத்தினார். அடுத்த ஞாயிறும் வந்து சண்டை போட்டார்.

போன வருஷம் அவருடைய மகள் அவரை ஊரின் மறுகோடியில் உள்ள மாதாப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். எங்களுக்கு வீடே வெறிச்சென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுக்கும்போது என் மனைவி வாசல் கதவைத் திறந்தே வைக்கிறாள்.