பன்னிரண்டு பூஜ்யங்கள்

அன்பும் அதைவிட அதிகமாக அறிவுரையும் உடைய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சொந்த உடம்பில் ஏதாவது குறை இருந்தால் என் முதுகைப் பற்றி இவ்வளவு யோசிக்க நேரம் கிடைத்திருக்காது. இங்கே தங்கள் தங்கை நலம். நான் குப்புறப் படுத்து, மார்புக்குக் கீழே தலையணை வைத்து இதை எழுதுகிறேன். கையெழுத்து ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்ளவும்.

இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டிய முதுகு இது. வலிக்கிறது என்று சொன்ன வாரமே தங்களிடமிருந்து இடுப்புப் பட்டை வந்தது. அதைக் கட்டிக்கொண்டதில் வலி குறையவில்லை, மூச்சு குறைந்தது. பிறகு காந்த மெத்தை. அதில் உண்மையாகவே காந்தம் இருக்கிறது. என் சாவிக்கொத்து அதில் ஒட்டிக்கொண்டது, வலி மட்டும் என்னோடே இருந்துவிட்டது. பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தரையில் படுத்துச் செய்துகொண்டிருந்தேன், கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. நாலாம் நாள் தாங்கள் போன் செய்தீர்கள். "மாப்ள, இந்த வயசுல இடுப்பத் தூக்குறதாவது, கழண்டுக்கப் போகுது!" அன்றோடு நின்றது.

இதற்கிடையில் டிப்போ மேலாளர் எனக்கு மூன்று மாதக் கெடு கொடுத்திருப்பது தங்களுக்குத் தெரியும். பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நடுவில் எழுந்திருக்காமல் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஓய்வு பெறும் வரை பார்சல் அறை முக்காலிதான். அதில் இப்போது உட்கார்ந்திருப்பவரும் முதுகு வலி என்று அனுப்பப்பட்டவர்தான். உட்காராமல் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்.

அதனால்தான் ஊசிக்குச் சம்மதித்தேன். டாக்டர் தெளிவாகவே சொன்னார். முதுகெலும்பின் சிறு மூட்டுகளுக்குப் போகும் நரம்புகள் அருகே மரத்துப்போகச் செய்யும் மருந்தை வைப்பார். இது சிகிச்சை அல்ல, சோதனை. அடுத்த ஆறு மணி நேரம், வழக்கமாக எதைச் செய்தால் வலிக்குமோ அதையெல்லாம் செய்து பார்த்து, அரை மணிக்கு ஒரு முறை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். நன்றாகக் குறைந்தால் இடம் சரி, அங்கே சூடு வைத்து நரம்பை அடக்கலாம். குறையாவிட்டால் வலி வேறெங்கோ இருந்து வருகிறது என்று பொருள். இதை, மதிப்பெண் போடக் கட்டங்களோடு அச்சடித்த தாளிலும் கொடுத்தார்கள்.

அந்தத் தாளைத் தாங்கள் வாங்கிப் படித்தீர்கள். மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்தீர்கள். "அதெல்லாம் சட்டத்துக்காகப் போடுறது மாப்ள. ஊசி போட்ட உடம்பு அசையக் கூடாது" என்றீர்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன், தாங்கள் நாற்காலியை எடுத்து மாடிப்படியில் வைத்தீர்கள். தண்ணீர்க் குடம் தூக்கிப் பார்க்கிறேன் என்றேன், தங்கள் தங்கை அழுதாள். காந்த மெத்தையில் என்னைக் கிடத்தி, அரை மணிக்கு ஒரு தரம் தோளைத் தட்டினீர்கள்.

"இப்ப எத்தன?"

"தூங்கிட்டு இருந்தேன் மச்சான்."

"தூங்குறவனுக்கு என்ன வலி? பூஜ்யம்."

இப்படித் தாளில் பன்னிரண்டு பூஜ்யம் போட்டீர்கள். ஒவ்வொன்றும் காசு வைத்து வரைந்ததுபோல் அத்தனை வட்டம். மறுநாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "பன்னெண்டும் பூஜ்யமா! என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. சூடு வைக்க நாள் குறிச்சிடலாம்" என்றார். "நான்தான் டாக்டர் கூடவே இருந்து பாத்துக்கிட்டேன்" என்று தாங்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

அசையாமல் கிடந்தால் எனக்கு ஊசி இல்லாமலே வலிப்பதில்லை, மச்சான்! அதனால் மருந்து வேலை செய்ததா என்பது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, தங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். இப்போது இடம் தெரியாமல் சூடு வைத்துக்கொண்டு, கெடுவும் போய், முக்காலிக்குப் போகப் போகிறேன். நானே உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் தாளின் அடியில் "கூட இருந்து கவனித்தவர்" என்று கையெழுத்துப் போட்டிருப்பது தாங்கள். ஆகவே அந்தப் பூஜ்யங்கள் அனைத்தும் தங்கள் சொந்தப் படைப்பே என்று டாக்டருக்கு ஒரு வரி எழுதி உடனே அனுப்பவும். இனி ஊசி என்ற பேச்சே இந்த வீட்டில் வேண்டாம். தாங்களும் கொஞ்ச காலம் வர வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் முதுகுகள் தங்கள் கண்ணில் படாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கையால் பூரண குணமடைந்த மாப்பிள்ளை

பின்குறிப்பு (இரண்டு மாதம் கழித்து): இந்தக் கடிதம் தபாலுக்குப் போகவே இல்லை. தபாலில் போடச் சொல்லித் தங்கள் தங்கையிடம் கொடுத்திருந்தேன், இன்று காலை அவள் கைப்பையில் கிடைத்தது. கேட்டால், "எங்கண்ணன ஏன் சந்தி சிரிக்க வைக்கணும்? நானே அன்னிக்கே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். பேரு சொல்லல, வீட்டுப் பெரியவர்னு சொன்னேன்" என்கிறாள். ஊசியை ஏன் இன்னொரு தரம் போட்டார்கள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது. இரண்டாம் தரம் அவளே என்னை மர நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்க விடாமல் எதிரில் நின்றாள். எட்டில் இருந்த வலி இரண்டுக்கு வந்தது. சாயங்காலம் மருந்தின் வேகம் குறைந்ததும் பழையபடி எட்டு. "இதத்தான் கேட்டேன்" என்றார் டாக்டர். சூடு வைத்து நாலு வாரமாகிறது. பிசியோதெரபி அம்மாவின் பயிற்சியும் நடக்கிறது. நேற்று பரிசோதகரோடு இரண்டு மணி நேரம் ஓட்டினேன். நடுவில் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். ஆகையால் மேலே ஊசியைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். பரிசோதகருக்கு டாக்டர் விலாசம் கொடுத்துவிட்டேன், தங்கள் விலாசம் கொடுக்கவில்லை. திங்கள்கிழமை முதல் என் வண்டி தங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. ஹாரன் அடிப்பேன். நிறுத்த மாட்டேன்.