செக்ரோல் ஐயா போட்ட அரைப்பேர்

கண்டியில் கடவுளுக்குப் பயப்படாத ஆட்கள் இருக்கலாம். எங்கள் மஹய்யாவ சபையில் செக்ரோல் ஐயாவுக்குப் பயப்படாத ஆள் ஒருவர்கூட இருந்ததில்லை, பாஸ்டர் உட்பட.

அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செக்ரோல், அதாவது தொழிலாளர் வரவுப் புத்தகம், எழுதி ஓய்வு பெற்றவர். அங்கே முழுநாள் வேலை செய்தால் ஒரு பேர். பிந்தி வந்தால் அரைப்பேர். மனிதர் புத்தகத்தைத் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டு, பழக்கத்தை மட்டும் சபைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கதவோரக் கடைசி வாங்குதான் அவர் உட்காரும் இடம். முதல் பாட்டு முடிந்த பிறகு யார் உள்ளே நுழைந்தாலும் "அரைப்பேர்" என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பு பீடம் வரைக்கும் கேட்கும். தன் கல்யாணத்துக்கே பிந்தி வந்த ஒரு மணப்பெண்ணுக்கும் அரைப்பேர்தான் விழுந்தது.

ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூட, அவர் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தலை எண்ணுவார். பாஸ்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"ஐயா, ஜெபத்துலயாவது கண்ண மூடக் கூடாதா?"

"எல்லாரும் மூடிட்டா, வராதவங்கள யாரு பாக்குறது பாஸ்டர்?"

"கர்த்தர் பாத்துக்குவாரு."

"அவரு பாக்குறாரு, சரி. திங்கக்கெழம வீட்டுக்குப் போறது நான்தானே?"

அதுதான் விஷயம். ஞாயிறு வராதவர் வீட்டில் திங்கள் காலையில் செக்ரோல் ஐயா நிற்பார், கையில் அவித்த மரவள்ளிக்கிழங்குப் பையோடு. கஷ்டம் வந்தவன் முதலில் வராமல் விடுகிற இடம் சர்ச்தான் என்பது அவர் கணக்கு. கணக்கு சில சமயம் பிழையாகும். ஒரு குடும்பம் கொழும்பில் கல்யாணத்துக்குப் போயிருந்தது. ஐயா துக்க முகத்தோடு வந்து உட்கார்ந்தார். விஷயம் தெரிந்ததும், "அப்ப கஷ்டம் ஒன்னும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, கிழங்குப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேஸ் தட்டுப்பாட்டு நாட்களில் எங்கள் சபை மேரி அக்கா இரண்டு ஞாயிறு வரவில்லை. ஐயா தேடிப்போனால் அக்கா சிலிண்டரோடு வரிசையில் நிற்கிறார். ஐயா நேரே வரிசை நடுவில் போய் நிற்க, பின்னால் நின்றவர்கள் மூன்று பாஷையிலும் ஏசினார்கள். "நான் சிலிண்டருக்கு வரலங்க, அக்காவுக்கு வந்தேன்" என்றார். அக்காவைச் சாப்பிட அனுப்பிவிட்டு, பின்னேரம் வரைக்கும் அவர் இடத்தில் வெயிலில் நின்றார்.

பிறகு என் முறை வந்தது. நான் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவன். சுற்றுலாப் பயணிகள் வராமல் போக, ஹோட்டலை மூடினார்கள். டை கட்டித் திரிந்தவனுக்கு வெறுங்கையோடு சபைக்குப் போக வெட்கம். நாலு மாதம் ஞாயிறுகளில் வீட்டிலேயே கிடந்தேன்.

ஐயா ஒவ்வொரு திங்களும் வந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். எழும்பும்போது ஒரே வரி ஜெபம்: "ஆண்டவரே, இவன் இங்கதான் இருக்கான்." போதாததற்கு ஆட்களையும் கூட்டிவரத் தொடங்கினார். மேரி அக்கா அரை மூடித் தேங்காயோடு வந்தார். அடுத்த வாரம் பாஸ்டரே கிட்டாரோடு வந்து இறங்கினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பிடிக் கூட்டமா வர இது என்ன செத்த வீடாங்கய்யா?"

அவர் கோபப்படவில்லை. "செத்த வீட்டுக்கு எல்லாரும் வருவாங்க தம்பி. அதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

அன்று எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாலு மாதமும் என் வீட்டில் அடுப்பு எரிந்ததும், நான் தலை நிமிர்ந்து மறுபடி சபைப் படியேறியதும் அந்தத் திங்கட்கிழமைகளால்தான்.

போன வருஷம் வேறு ஹோட்டலில் வேலை கிடைத்தது. சனி இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து போவதால், ஞாயிறு பிந்தத் தொடங்கினேன். ஒரு ஞாயிறு பூனை மாதிரி நுழைந்தேன், அரைப்பேர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறும் தப்பினேன். ஐயா திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவிதான் கேட்டாள். "ஏங்க, செக்ரோல் ஐயாவ இப்ப காணவே இல்லையே?"

வராதவர்களைப் பார்க்கிறவர் வராமல் போனதை, ஒரு சபை முழுக்க, ஒருவரும் பார்க்கவில்லை.

திங்கள் காலையில் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு ஹந்தானைக்கு ஏறினேன். அவர் தனியாக இருந்த அறை பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதென்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓடிப் போனேன். கட்டிலில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தார். பக்கத்தில் இருந்த கதிரையில் யாரோ துவாய் காயப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார்.

"பிந்திட்ட தம்பி. அரைப்பேர்தான்."

"மன்னிச்சிருங்கய்யா."

"அத விடு. நேத்து சர்ச்சுக்கு யாரு வரல?"

"நீங்கதாங்கய்யா."

"நான் வரலன்னு எனக்கே தெரியும். வேற யாரு?"

நான் முழித்தேன். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கிழங்கைத் தொடவில்லை. நான் "ஆண்டவரே, இவரு இங்கதான் இருக்காரு" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை போய்விட்டார். அடக்கத்தன்று சர்ச்சுக்குள் இடம் போதாமல் ரோட்டில் நின்றோம். அவர் சொன்னபடியே, செத்த வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தோம்.

இப்போது கதவோரக் கடைசி வாங்கில் நான் உட்காருகிறேன். ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை. நேற்று மூன்று பேர் வரவில்லை. இரண்டு வீட்டுக்கு இன்று போய்வந்தேன், நாளை மற்ற வீடு. என்றைக்காவது எங்கேயாவது ஐயாவைப் பார்த்தால் முதலில் யார் வரவில்லை என்றுதான் கேட்பார். இன்னொரு தடவை அவர் முன்னால் முழித்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை.