ஒரு கைதட்டு அதிகம்

பிள்ளைகளா, தமிழில் ராக் அண்ட் ரோல் பாட்டு உருவானதே ராஜகீழ்ப்பாக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் ஒருவரால்தான். இது நான் சொல்வதல்ல, அவரே சொன்னது. கைதட்டு அண்ணன் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்த காலம் அது. என் மிக்ஸி ரிப்பேர் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. சாவி செய்ய வந்த யாரும் சாவியோடு மட்டும் திரும்பியதில்லை. சுவரில் தொங்கும் சின்ன இசைத்தட்டின் வரலாற்றையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வாலிபத்தில் அவர் பட்டணத்தில் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ ஒன்றுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர். ஒருநாள் அங்கே நடந்ததை இப்படிச் சொல்வார்:

"ஒரே மைக்கு. டிரம்ஸ் சத்தம் ஜாஸ்தியா கீதுன்னு அது மேல போர்வையப் போத்திட்டானுங்கோ. கைதட்ற ஆளு வரல. 'கேரியர கீழ வெச்சுட்டு நீ வாய்யா'ன்னான். நடுவுல பாட்டு ஒரு செகண்டு நிக்கும், எல்லாரும் கம்முனு இருக்கணும். நான் ஒண்ணு தட்டிட்டேன்!"

"மறுபடி எடுக்கலியா?" என்று சாவிக்கு வந்தவர் கேட்பார்.

"கரண்டு பூடுச்சு. பாடினவருக்கு சாயங்காலம் ரயிலு. அதையே பிளேட்டு போட்டுட்டானுங்கோ. அதுல வர்ற அந்தக் கைதட்டு என்னுது!"

டீக்கடை பாய் நம்பவே இல்லை. "பொய்யும் ஒரு கணக்கா சொல்லணும்ணே" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் டீயே குடிக்கவில்லை.

போட்டுக் காட்டலாமென்றால் பிளேயர் இல்லை. ஊரே சி.டி.க்கு மாறியிருந்தது. அதன்பிறகு சாவி தொலைத்தவர் வீட்டைத் திறக்கப் போனாலும் அண்ணனின் கண் பரண் மேலேயே இருக்கும். கடைசியில் மாடம்பாக்கத்து டீச்சர் வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தது. கூலிக்குப் பதில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் புது பெல்ட் மாட்டி ஓடவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் தெருவே கூடியது.

"கைதட்டு கேட்டுச்சுன்னா இனிமே உன்ன ஆர்ட்டிஸ்ட் சார்னு கூப்பிடறேன். கேக்கலன்னா, செத்தாலும் இந்தக் கதைய எடுக்கக் கூடாது. சம்மதமா?" என்றார் பாய்.

"சம்மதம்" என்றார் அண்ணன். சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போட்டுக்கொண்டார்.

பாட்டு துள்ளியது. அந்த இடம் வந்தது. பிளேயரின் முள் சரியாக அங்கேயே தாவி அடுத்த வரிக்குப் போய்விட்டது!

"இன்னாண்ணே, உன் கைதட்டும் ரயிலேறி கூடுவாஞ்சேரி தாண்டிப் போச்சா?" என்றார் பாய்.

கடையே சிரித்தது. அண்ணன் இசைத்தட்டை எடுக்கக் குனிந்தார். "கொஞ்சம் இருங்கண்ணே" என்று முள் பொருத்திய கம்பியின் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். கனம் இருந்தால் முள் தாவாது.

மறுபடி அந்த இடம். பாட்டு நின்றது.

பட்!

ஒரே ஒரு தட்டு. பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஆர்ட்டிஸ்ட் சார், டீ ஸ்ட்ராங்கா போடட்டுமா?"

"சக்கரை கம்மியா" என்றார் அண்ணன், பெரிய கலைஞர்களுக்கே உரிய அலுப்போடு.

போன மாதம் அண்ணன் தவறிப்போனார். அவர் மகள் பிளேயரையும் இசைத்தட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாணயத்தை வைத்துப் பாட்டைப் போட்டேன். அந்த இடம் நெருங்க நெருங்க என் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அந்த இடம் அவருடையது.