மணியோடு தொங்கிய கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. "நீங்க சொல்ற மாதிரியே எழுதுங்கம்மா" என்று மகள் பேனையைக் கையில் தந்துவிட்டாள். நான் சொல்வதே பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. இந்தக் கதையில் வந்த கஷ்டத்துக்கெல்லாம் அந்த மெல்லிய வாய்தான் காரணம்.

என் வீட்டுக்காரருக்கு மின்சாரக் கம்பத்தில் ஏறுகிற வேலை. வாரமெல்லாம் கம்பத்தில் தொங்குகிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை காலை நீட்டிப் படுப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கோ பாழடைந்த கட்டடம் என்றால் உயிர். ஆளில்லாத பங்களா, கூரை போன கோப்பிக் களஞ்சியம், மண் மூடிய சுரங்கம் எதுவானாலும் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் அக்குறணை நவ்பர் நானா. ஹார்ட்வெயார் கடைக்காரர், கயிறு அவருடையது. மற்றவர் யாழ்ப்பாணத்துத் தியாகு மாஸ்டர். கயிற்றில் இறங்கும் வித்தையை ஏதோ வெள்ளைக்காரப் புத்தகத்தில் படித்தவர். (படித்தவர்தான். இறங்கியவர் இல்லை.) மூவரும் தலையில் வௌவால் எச்சத்தோடு திரும்பி வருவார்கள். முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த சிரிப்பு இருக்கும்.

அது யுத்த காலம். தமிழ் பேசுகிற மூன்று ஆம்பிளைகள் கயிறும் டோர்ச்சுமாகப் பாழுங் கட்டடத்துக்குள் நுழைவதைவிட, நேரே பொலிசுக்குப் போய் வாங்கில் உட்கார்ந்துவிடலாம் என்று நான் சொன்னேன். மெல்லச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

அப்படிச் சொன்ன நானே ஒருநாள் அவர்களோடு போக வேண்டி வந்தது.

நான் பிறந்தது கண்டிப் பக்கம், அம்பிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயங்கள் எரிந்தன. அன்று காலையில் என் அப்பா மாரியம்மன் கோயில் மணியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, தேயிலை ஸ்டோரின் மேல்மாடிக்குக் கொண்டுபோய் ஒளித்தார். (தேயிலை அரைக்கிற பெக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம்.) சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போனவள் நான். கொழுந்து வாட்டுகிற அந்த மாடியில் பெரிய காற்றாடிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றுக்குள் மணி போயிற்று. பிறகு தோட்டத்துச் சனம் சிதறியது, ஸ்டோர் மூடப்பட்டது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

கண்டிக்கு வந்த எங்கள் ஆட்கள் சில வருசம் கழித்துத் தகரக் கொட்டில் போட்டு அம்மனை வைத்தார்கள். முதல் திருவிழா நெருங்கியது. புது மணி வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கிழவிகள் விடவில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அந்த மணியை அடித்துத்தான் பெயர் வைத்தோம். வேறு மணி அடித்தால் அம்மனுக்கு எங்களை அடையாளம் தெரியுமா என்று கேட்டார்கள். இதற்கிடையில் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் ஸ்டோரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்றோ நாளையோ காற்றாடிப் பெட்டியும் போய்விடும். எந்தப் பெட்டி என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

"உள்ள ஏற படி ஏதும் மிச்சம் இருக்கா புள்ள?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லீங்க. மரப்படிதான் இருந்திச்சு. அத வெறகுக்குப் புடுங்கிட்டாங்களாம்."

"வேற படி?"

"இல்லீங்க."

பக்கத்தில் இருந்த நவ்பர் நானாவின் முகம் மலர்ந்தது. "அப்ப கயிறுதான்" என்றார்.

ஸ்டோர் மலைச்சரிவை ஒட்டிக் கட்டியது. பின்பக்கத்து மேட்டில் நின்றால் கூரை காலடியில் இருக்கும். தகரத்தை யாரோ களவெடுத்ததில் பாதிக் கூரை திறந்தே கிடந்தது. அந்த ஓட்டை வழியாக என்னை இறக்குவது, பெட்டியை நான் காட்டுவது, பிறகு ஓர் ஆம்பிளை இறங்கி எடுப்பது என்றுதான் யோசனை. ஆனால் மேலே போய்ப் பார்த்தால் உத்தரமெல்லாம் கறையான். ஆம்பிளை பாரம் தாங்காது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஆக, இறங்குவதும் எடுப்பதும் நான்தான்.

என் கோலத்தைச் சொல்ல வேண்டும். சேலைக்கு உள்ளே வீட்டுக்காரரின் காற்சட்டை, சேலைக்கு மேலே அவர் கம்பத்தில் கட்டுகிற தோல் வார். காலில் கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு. (கோயில் விசயம் என்பதால் நல்ல செருப்பு.)

"தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. காலைச் சுவரிலை ஊண்டி, பின்னாலை சாய்ஞ்சு இறங்குங்கோ" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், சுவர் அங்க ஈக்கி. இவ நடுவுலயல்லவா தொங்கப் போறா" என்றார் நானா.

"ஓம், அதைப் பற்றிப் புத்தகத்திலை ஒண்டும் இல்லை."

"எடுத்ததும் இழுங்கன்னு சத்தம் போடு புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். கால் பலகையில் பட்டது. மூன்றாவது பெட்டிக்குள் கையை விட்டேன். சாக்கு உளுத்துப் போயிருந்தது. மணி அப்படியே இருந்தது. ஒரு சின்னக் குடம் அளவு, பச்சைக் களிம்பு பிடித்து, குளிர்ந்துபோய். அப்பாவின் கையைத் தொட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகுதான் புத்தி கெட்டது. மாஸ்டர் மணியை இடுப்பு வாரில் கட்டச் சொல்லியிருந்தார். ஆனால் நான் சின்ன வயதிலிருந்தே கொழுந்துக் கூடை சுமந்தவள். எங்களுக்குப் பாரம் என்றால் முதுகில். அதன் கயிறு தலையில். கை தானாகவே மணியை முதுகில் போட்டு, கயிற்றை உச்சந்தலையில் மாட்டிவிட்டது. தரையில் நிற்கும்வரை அது மிகவும் சரியாகத்தான் இருந்தது.

"இழுங்க" என்றேன். மேலே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. வேற்று ஆம்பிளைகளுக்கும் கேட்கும்படி கத்துவது எப்படி? கயிற்றை ஆட்டிக் காட்டினேன். இழுத்தார்கள்.

கால் தரையை விட்டதும் மணி என் தலையைப் பின்னுக்கு இழுத்தது. இடுப்பு மேலே போனது, தலை கீழே போனது. மல்லாக்கப் போட்ட ஆமை மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு தொங்கினேன். சேலை எந்தப் பக்கம் போயிற்றோ தெரியாது. காற்சட்டை போட்டது அம்மன் புண்ணியம். நடுவழியில் கயிறு உத்தரத்துப் பிளவில் சிக்கிக்கொண்டது. அதன்பின் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

நான் ஆட, மணி அடித்தது. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் பலமாக அடித்தது. வருசக்கணக்காக வாயடைத்துக் கிடந்த மணி. அது மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

"சத்தம் போடாத புள்ள" என்று அவர் மேலேயிருந்து கிசுகிசுத்தார். எனக்கு ஆயுளில் ஒரே தடவை கிடைத்த அந்தப் பேச்சை நான் ரசிக்கும் நிலையில் இல்லை.

அப்போது கீழே காலடிச் சத்தம். "கவுத ஓய்?", யாரது என்று யாரோ சிங்களத்தில் அதட்டினார்கள். தலைகீழாகப் பார்த்தேன். நான் தொங்கிய அதே மாடியில், எனக்கு இரண்டு எட்டுத் தள்ளி, ஊர்காவல்காரர் ஒருவர் துவக்கோடு நின்றார். நடுத்தர வயது. தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்து ஆள், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். மேலே மூன்று தலைகளும் மறைந்துகொண்டன. எல்லாம் முடிந்தது, நாலு பேரும் உள்ளே, மணியும் பொலிசில் என்று நினைத்தேன்.

அவர் துவக்கைத் தாழ்த்தினார். "நோனா, ஏன் இப்படித் தொங்குது?"

தலைகீழாகவே கும்பிட்டேன். (நோனா என்றால் அம்மணி.)

"ஐடென்டி?"

அது வீட்டுக்காரரிடம் என்று கூரையைக் கண்ணால் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் சோற்றுப் பை ஒன்று கயிற்றின் மறுநுனியில் மெல்ல இறங்கி வந்தது. அதற்குள் நாலு அடையாள அட்டையும், சாப்பிடாத ரொட்டியும் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னுடையதை மட்டும் தலைகீழாகப் பிடித்து என் முகத்தோடு ஒப்பிட்டார்.

பிறகு மணியைப் பார்த்தார். தொட்டார். "இது கோவில் மணிதானே. எங்க அம்மாவுக்குக் கீழ கேட்டது. மணி அடிக்குது, யாரு பூசை பண்றது, போய்ப் பாரு சொன்னது. அம்மா முந்தி தேங்கா கொண்டு வந்தது இந்தக் கோவிலுக்கு."

என் பாரத்தை அவரே தாங்கிப் பிடித்து, கயிற்றைக் கத்தியால் அறுத்து இறக்கினார். நவ்பர் நானா மேலே "அல்லாஹ், கயிறு" என்று முனகியது கேட்டது.

"நீங்க எப்படி மேல வந்தீங்க?" என்று வீட்டுக்காரர் கூரை ஓட்டைக்குள் தலையை விட்டுக் கேட்டார்.

"படியில வந்தது."

"எந்தப் படி?"

"ஒபிஸ் படி. அந்தா. கொங்கிறீட். நல்லா இருக்கு."

மூன்று தலைகளும் ஓட்டைக்குள் நீண்டு படியைத் தேடின. பிறகு தியாகு மாஸ்டர் மிக மரியாதையாகக் கேட்டார்: "தங்கச்சி, உங்களுக்கு இந்தப் படி தெரியாதே?"

தெரியும். நன்றாகத் தெரியும். துரையும் டீமேக்கரும் கணக்கப்பிள்ளையும் ஏறி இறங்குகிற படி. அதன் அடியில் உட்கார்ந்து வருசக்கணக்கில் தேயிலையில் குச்சி பொறுக்கியிருக்கிறேன். ஆனால் படி இருக்கிறதா என்று கேட்டபோது அது என் நினைவிலேயே வரவில்லை. எங்கள் ஆட்கள் அதில் கால் வைத்ததில்லை. நாங்கள் கால் வைக்காத ஒன்றை நான் படிக்கணக்கில் சேர்க்கவில்லை.

மற்றவர்கள் மேட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தார்கள். ஊர்காவல்காரர் மணியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே இறங்கினார். நான் மேல்படியில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"ஏன் நோனா கழட்டுது? கீழ கண்ணாடி உடைஞ்சு கிடக்குது."

அப்போதுதான் கையில் செருப்பு இருப்பதையே கவனித்தேன். திரும்பவும் போட்டுக்கொண்டேன். கல்யாணச் செருப்பு. டக் டக் என்று சத்தம் போட்டது. நான் நிறுத்தவில்லை.

வாசலில் அவர் மணியை எங்களிடம் தந்தார். "சார்ஜன் கேட்டா மணி சொல்றது. கயிறு சொல்லமாட்டேன்" என்றார். திருவிழாவுக்கு வந்தார். அம்மாவையும் தேங்காயையும் கூட்டிக்கொண்டு. அன்று மணியை முதலில் அடித்தது அவர் அம்மாதான். அதற்கு எங்கள் கிழவிகள் ஒன்றும் சொல்லவில்லை என்பது பெரிய விசயம். அந்த வருசம் பிறந்த என் மகளுக்கும் அந்த மணியை அடித்துத்தான் பெயர் வைத்தோம்.

இன்றும் நான் வங்கியிலோ அரசாங்கக் கச்சேரியிலோ உள்ளே போகாமல் வாசலில் ஒதுங்கி நின்றால், மகள் ஊருக்கே கேட்கும்படி, "அம்மா, கூரை வழியா போவமா?" என்பாள். நானும் போய்விடுவேன், முன்வாசலால்.

எனக்குச் சில விசயம் சரியாக ஞாபகமில்லை. ஸ்டோருக்கு எத்தனை மாடி, மூன்றாவது பெட்டியா நாலாவதா, அந்தப் படி இடப்பக்கமா வலப்பக்கமா என்று அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். குனிந்து பார்த்திருந்தால் எத்தனை படி என்றாவது சொல்லியிருப்பேன். நிமிர்ந்து இறங்கினேன் என்று நினைவு. அதையும் ஒருவர் சரிபார்த்தால் நல்லது.