குக்குறுவான் ஆஜராகவில்லை

பட்டாளத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணியவர்கள் ஏராளம். பறவைகளுக்கு ஆஜர் எடுத்தவர் இந்தப் பூமியிலேயே எங்கள் ஆஜர் சுபேதார் ஒருவர்தான்.

சைனிக்புரியில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். குடியாத்தத்துக்காரர், ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஆறரைக்குக் கொல்லைக் கொய்யா மரத்தில் தொங்கும் தீனித் தட்டின் எதிரே நோட்டும் கையுமாக விறைத்து நிற்பார். மைனா, கொண்டைக்குருவி, குக்குறுவான் என்று வாசித்து டிக் அடிப்பார். வராவிட்டால் ஆப்சென்ட். புறாக்களுக்கு மட்டும் நோட்டில் இடமில்லை. ஒழுங்கு தெரியாத கும்பலாம்.

எனக்கோ ஆபீஸ் காலண்டரில் நான் எடுத்த படம் வந்தே தீரவேண்டும் என்ற வெறி. முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வாங்கினேன். மூன்று வாரத்தில் ஒரு மைனாவின் வாலும் ஓர் அணிலின் முதுகும் சிக்கின. கேட்டவர்களிடம் வெளிச்சத்தைக் குறை சொன்னேன்.

சுபேதாரின் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆஜர் முடியும்வரை கேமரா சத்தம் கூடாது. நானும் தலையாட்டி வைத்திருந்தேன். படம் அனுப்பக் கடைசி நாளன்று, பச்சை உடம்பும் சிவப்பு நெற்றியுமாகக் குக்குறுவான் பப்பாளித் துண்டின்மேல் வந்து உட்கார்ந்தது. அவர் இன்னும் மைனாவைத் தாண்டவில்லை. என் விரல் பொறுக்கவில்லை. கேமரா படபடவென்று சுட்டது. தட்டு காலி.

சுபேதார் மெதுவாகத் திரும்பினார். "இன்னா தம்பி, நீயும் அந்தப் புறா கும்பல்தானா? ஒரு வாரம் தட்டு கழுவறது நீதான். கேமரா நக்கோ, தொடவே கூடாது."

அன்று மாலை படங்களைப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பறவை இல்லை. பதற்றத்தில் கை திரும்பி எடுத்த கடைசிப் படம் மட்டும் தெளிவாக இருந்தது: காலித் தட்டுக்கு முன்னால் நோட்டைப் பிடித்தபடி வாயடைத்து நிற்கும் சுபேதார். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன்.

தண்டனையின் மூன்றாம் நாள், தட்டைக் கழுவி மாட்டிய என் கைக்கு ஒரு முழம் தள்ளிக் குக்குறுவான் உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. என் கையில் தேங்காய் நார் இருந்தது.

படம் தேர்வாகிவிட்டது. ஜூன் மாதத்துக்கு. காலண்டரை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"பறவ எங்க தம்பி?"

"பறந்துடுச்சு சார்."

இப்போது வீடு மாறி, நகரத்தின் மறுகோடியில் கொண்டாப்பூரில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். அந்த ஜூன் முடிந்து இரண்டு வருடமாகிறது. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். சுவரில் மாட்டிய அந்தக் காலண்டரில் இன்னும் தாளைப் புரட்டவில்லை.