கேட்கும் விசாவில் போன கரடி

ஒரு காட்டில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே கரடியின் பெயர் பூங்காவனம். மலை இடுக்குகளில் தேன் எடுத்து விற்கும் கரடிகள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. தேனீக்களிடம் கொட்டு வாங்கி வாங்கி அவள் மூக்கு தடித்துப் போயிருந்தது.

கடலுக்கு அப்பால் பனிநாட்டில் உலகத் தேன் மாநாடு நடக்கப் போவதாகவும், பூங்காவனம் வந்து பேச வேண்டும் என்றும் ஒரு நாரை அழைப்புக் கொண்டுவந்தது. கூடவே ஒரு கெட்ட சேதியும் சொன்னது.

“அங்கே ஒரு வெள்ளை நரி சர்க்கரைப்பாகு காய்ச்சி, உங்க காட்டுத் தேன்னு பேர் போட்டு விக்குது. வாங்கி ஏமாந்தவங்க எல்லாம் உங்களைத்தான் திட்டறாங்க. நீங்களே வந்து சொன்னாத்தான் உண்டு. இல்லேன்னா வர்ற பருவத்துல உங்க தேனை ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

பூங்காவனம் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தாள். “நீ எந்த விசாவுல போயிட்டு வர்றே?” என்று கேட்டாள்.

“எனக்கெதுக்கு விசா? நான் மேலே போறவ” என்று சொல்லிவிட்டு நாரை பறந்துவிட்டது.

தரையில் நடக்கிற பிராணிகளுக்கு விசா வேண்டும். அதற்கு யோசனை சொல்லிப் பிழைக்கும் ஓணான் ஒன்று காட்டோரத்தில் இருந்தது. எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் அந்த நாட்டுக் கொடியின் நிறத்துக்கு மாறிக்கொண்டுதான் பதில் சொல்லும்.

“பாருங்கக்கா, சுற்றுலா விசான்னா ஊர் சுத்தலாம், மாநாட்டுக்குள்ள நுழையக் கூடாது. வணிக விசான்னா நுழையலாம், பேரம் பேசலாம், ஆனா சரக்கு கொண்டு போகக் கூடாது. மாநாட்டு விசான்னு ஒண்ணு இருக்கு. அதைக் கேட்கும் விசான்னு சொல்வாங்க. உட்காரலாம், கேட்கலாம், அவ்வளவுதான். நீங்க எதுக்குப் போறீங்க?”

“பேச.”

“சும்மா பேசவா?”

“மத்தியானம் சாப்பாடு போடுவாங்களாம், தம்பி.”

ஓணானுக்கு முகம் வெளுத்தது. “போச்சு! பேசிட்டுச் சாப்பிட்டா அது கூலி. கூலி வாங்கினா அது வேலை. வேலை விசாவுக்கு வருஷக்கணக்கா காத்திருக்கணும்.”

“அப்போ சாப்பிடாம பேசறேன்.”

“பசியோட பேசினா உண்மை பேசிடுவீங்களோன்னு பயப்படுவாங்கக்கா. வணிக விசா கேட்டுப் பாருங்க.”

பனிநாட்டுத் தூதரகத்தில், கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பென்குயின் உட்கார்ந்திருந்தது. அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

“திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?”

“ரெண்டு குட்டிங்க இருக்கு ஐயா. விட்டுட்டுத்தான் போறேன்.”

“குட்டிகளையே விட்டுட்டுப் போறவங்க திரும்பி வருவாங்களா?”

“அப்போ கூட்டிட்டுப் போறேன்.”

“குடும்பத்தோட போறவங்க திரும்பி வந்ததே இல்லை.” பென்குயின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது. “அது போகட்டும். கரடிங்க குளிர் வந்தா தூங்கிடும். எங்க நாட்டுல எப்பவும் குளிர்தான். நீங்க தூங்கி எழுந்திருக்கிறதுக்குள்ள விசா முடிஞ்சிடுமே?”

“அது வேற ஜாதிக் கரடிங்க ஐயா. எங்க காட்டுக் கரடி அப்படித் தூங்காது.”

“சான்று?”

“இதோ, உங்க முன்னால முழிச்சிட்டுத்தானே நிக்கறேன்!”

“இங்கே வெயில் அடிக்குது” என்றது பென்குயின். முத்திரை விழுந்தது. விசா இல்லை.

வாசலில் உட்கார்ந்து பூங்காவனம் அழுதாள். கூட வந்திருந்த ஓணான்தான் தேற்றியது. “கேட்கும் விசாவே கேளுங்கக்கா. எதுவுமே செய்ய மாட்டேன்னு சொல்லுங்க. எதுவும் செய்யாதவங்களைக் கண்டா அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

உள்ளே போய்விட்டால் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று பூங்காவனம் கணக்குப் போட்டாள். மறுபடி போய் நின்றாள். “பேச மாட்டேன், விற்க மாட்டேன், தூங்க மாட்டேன். கேட்டுட்டு வந்துடுவேன்.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று பென்குயின் அன்போடு விசா குத்திக் கொடுத்தது.

மாநாட்டுக்குத் தலைமை ஒரு துருவக்கரடி. அதைப் பார்த்ததும் பூங்காவனத்துக்குத் தெம்பு வந்தது. நிறம் வேறானாலும் சொந்தம் அல்லவா! ஆனால் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு காவல் பென்குயின் வந்து நின்றது.

மேடையில் வெள்ளை நரி புட்டியைத் தூக்கிக் காட்டியது. பூங்காவனம் எந்த விசாவில் வந்திருக்கிறாள் என்பதை அது முன்பே விசாரித்து வைத்திருந்தது.

“பெரியோர்களே! இந்தத் தேன் பிறந்த காட்டுச் சங்கத்தின் தலைவியே இங்கே அமர்ந்திருக்கிறார். இது கலப்படம் என்றால் அவரே இப்போது சொல்லட்டும்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காவல் பென்குயின் மெல்லத் தொண்டையைக் கனைத்தது. பூங்காவனம் வாயைத் திறக்கவில்லை. நரி சிரித்தது. கைதட்டல் எழுந்தது.

தேன்கூடு எடுக்கப் போய், பாறையிலிருந்து விழுந்து, இன்றுவரை நொண்டி நடக்கும் தங்கையின் ஞாபகம் அவளுக்கு வந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்துவிட்டாள்.

“அது தேனே இல்லை! வெறும் சர்க்கரைப்பாகு! தேனீ முகத்திலேயே முழிக்காத பயல் இவன்!”

துருவக்கரடி நிதானமாகக் கேட்டது: “இந்த அம்மையாரின் விசா என்ன?”

“கேட்கும் விசா, தலைவரே” என்றது காவல் பென்குயின்.

“அப்படியானால் அவர் எதுவும் பேசவில்லை. குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நரியார் கேட்டார். கரடி அம்மையார் மறுப்புத் தெரிவிக்கவில்லை.”

நரிக்கு நம்பகத்தன்மைக்கான பதக்கம் கிடைத்தது. பூங்காவனத்தைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடும் போடவில்லை.

தேன் பருவம் வருவதற்குள் வெள்ளை நரி பாகு ஆலை கட்ட அவள் காட்டுக்கே வந்து சேர்ந்தது. அதற்குப் படகுத்துறையிலேயே விசா கொடுத்தார்கள். எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, “சும்மா ஊர் சுத்திப் பார்க்க” என்று சொன்னதாம். சிங்க ராஜா மாலை போட்டு வரவேற்றது.

சொந்தக் காட்டில் பேச விசா வேண்டாமே! பூங்காவனம் சபை நடுவில் போய் நின்று கத்தினாள். “மகாராஜா! இவன் விக்கிறது சர்க்கரைப்பாகு!”

“தெரியும்மா” என்றது சிங்கம். “ஆனா வெளிநாட்டுல பதக்கம் வாங்கின சர்க்கரைப்பாகு.”

ஆலையில் அடுப்பு ஊதுகிற வேலை தருவதாக நரி கரடிகளைக் கூப்பிட்டது. பூங்காவனம் காறித் துப்பிவிட்டு மலையேறினாள். மற்ற கரடிகளும் பின்னாலேயே போயின. வழக்கம் போலத் தேன் எடுத்தார்கள். வாங்க ஆளில்லை. அந்த வருஷம் குட்டிகள் மட்டும் நன்றாகக் கொழுத்தன.

நரியின் சரக்கோ காட்டிலும் பனிநாட்டிலும் அமோகமாக விற்றது. புட்டிக்குப் புட்டி ஒரு படம் ஒட்டியிருந்தது. அதில் பூங்காவனம் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கீழே ஒரு வரி: ‘அவரே மறுக்கவில்லை!’

நீதி: பொய் சொல்வது சுற்றுலா, போய் இறங்கினாலே விசா கிடைக்கும். உண்மை பேசுவது வேலை. அதற்குரிய விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும்.