தின்னர் சாரின் புதன்கிழமை

மரக்காணத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் தின்னர் பெயிண்ட் அடிக்காத பொருள் இரண்டே இரண்டுதான். ஒன்று கடல், இன்னொன்று கலெக்டர் கார். அதிலும் கடலைப் பற்றி அவருக்கு ஒரு குறை உண்டு. "இந்தப் பக்கம் கலரு ஒரே மாதிரி வரல டீச்சர். ரெண்டாவது கோட்டு அடிக்காம உட்டுட்டாங்க" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் தெருமுனையில் திரும்புவதற்கு இரண்டு நிமிஷம் முன்பே பெயிண்டில் கலக்கும் தின்னரின் நெடி தெருவுக்குள் வந்துவிடும். அதனால் தின்னர். அவர் சட்டை ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்ததாகச் சொல்வார்கள். அதில் தெறித்திருக்கும் சொட்டுகளைப் பார்த்தே இந்த வருஷம் யார் படகு புதுசு, எந்தக் கட்சி முந்திக்கொண்டு சுவர் பிடித்தது என்று சொல்லிவிடலாம்.

தொழிலில் மனிதர் மகா பிடிவாதக்காரர். ஒரு படகுக்காரர் முன்பக்கத்தில் மீன் வரையச் சொன்னார். வரைந்தார். மீன் அழுகிற மாதிரி இருந்தது.

"ஏம்பா, சிரிக்கிற மாதிரி போடக் கூடாதா?"

"வலையில மாட்டப் போற மீனு எதுக்குய்யா சிரிக்கும்?"

கறிக்கடை பாய்க்குப் பலகையில் ஓர் ஆடு வரைந்து கொடுத்தார். இரண்டாம் நாளே பாய் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஆட்டு மூஞ்சியப் பாத்துட்டு பாவமா இருக்குதுன்னு கஸ்டமருங்க எல்லாம் கோழிக்கடைக்குப் போறாங்கப்பா!" தின்னர் பீடியை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். இறங்கும்போது ஆடு திரும்பி நின்றது. இன்றைக்கும் அந்தப் பலகையில் ஆட்டின் பின்பக்கம்தான் இருக்கிறது. வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

இப்படிப்பட்ட ஆளிடம் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் நானே கொண்டுபோய் ஒப்படைத்தேன் என்றால், குற்றவாளி நானல்ல, ஒரு பயிற்சி வகுப்பு.

உப்பளத்தை ஒட்டிய சின்னத் தொடக்கப்பள்ளி ஒன்றில் அப்போது நான் தலைமையாசிரியை. பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்த தாளில், ஓர் ஓவியரின் வாழ்க்கையையும் படைப்புகளையும் அறிமுகப்படுத்தி, அதன் வழியாகப் பிள்ளைகளை வரையத் தூண்ட வேண்டும் என்று போட்டிருந்தது. கூடவே தாடி வைத்த ஒரு வெளிநாட்டு ஓவியரின் ஜெராக்ஸ். அவர் வரைந்த பூக்கள் எல்லாம் ஜெராக்ஸ் மிஷினில் கருகிப்போயிருந்தன. நானும் தொண்டை வறள அவர் வாழ்க்கையைச் சொன்னேன். முடித்ததும் யாழினி என்கிற இரண்டாம் வகுப்புப் பெண் எழுந்து, "இந்தத் தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்லையா மிஸ்?" என்று கேட்டாள்.

சரி, வரையுங்கள் என்றேன். பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே படத்தை வரைந்தார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு குடிசை. எங்கள் ஊரிலோ கண்ணுக்கெட்டிய தூரம் தரை தட்டையாகக் கிடக்கிறது. மலையை நேரில் பார்த்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

"சூரியன் எங்கேர்ந்துடா வருது?"

"கடல்லேர்ந்து மிஸ்."

"அப்புறம் ஏன் மலையில வரைஞ்ச?"

"படம்னா அப்பிடித்தான் மிஸ் வரையணும்!"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் யோசிக்காமல் காரியம் செய்பவள். அன்று சாயங்காலமே போய், மருந்துக்கடை முகப்பில் ஏணிமேல் நின்றிருந்த தின்னரைக் கூப்பிட்டேன்.

"புதன்கிழமை மதியம் ஸ்கூலுக்கு வாங்க. உங்க வாழ்க்கையைப் பத்திப் பசங்ககிட்டப் பேசணும்."

"என் வாழ்க்கையா? அது என் பொண்டாட்டிக்கே புடிக்கல டீச்சர்."

ஆனாலும் வந்தார். முதல் புதன்கிழமை பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு பேட்டி எடுத்தார்கள். உங்களுக்கு எத்தனை பல்லு, பாம்புக்குக் காது போடுவீங்களா, உங்க வீட்டுச் சுவர் என்ன கலரு. கடைசிக் கேள்விக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் பூசவே இல்லப்பா" என்றார். எந்த ஸ்கூலில் படித்தீர்கள் என்று ஒருவன் கேட்டான்.

"ஒண்ணாங்கிளாஸ்ல மூணு மாசம். அப்பாரு கூட உப்பளத்துக்குப் போயிட்டேன். அங்கதான் காய்ஞ்ச பாத்தியில குச்சியால கீறிக்கினே இருப்பேன்."

வாழ்க்கை முடிந்தது, இனி படைப்புகள் என்று தாளைப் பார்த்துச் சொன்னேன். தின்னர் பத்தொன்பது பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினார். ஒரு சுவருக்கு முன்னால் நின்றார். அதில் சிமெண்ட் விளம்பரம் இருந்தது.

"இதுக்குள்ள ஒரு யானை இருக்குது."

"எங்க?"

"சிமெண்டுக்குப் பின்னாடி ஒரு கட்சி. கட்சிக்குப் பின்னாடி இன்னொரு கட்சி. அதுக்குப் பின்னாடி சர்க்கஸ்காரன் எழுதச் சொன்ன யானை. எல்லாம் நான் அடிச்சதுதான்."

பிள்ளைகள் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். யானை மூச்சு விடுகிறது என்று இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். எனக்கே ஒரு கணம் காதை வைக்கலாமா என்று இருந்தது.

ஒரே ஒரு நாள் என்று கூப்பிட்டேன். அடுத்த புதனும் வந்தார். அதற்கடுத்த புதனும். முகம் மழித்து, புதுச் சட்டை போட்டு, அது கறைபடாமல் இருக்க மேலே மனைவியின் பழைய நைட்டியைக் கவுன் மாதிரி மாட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊரான இரும்பையில் ஒரு பெரிய வீட்டு வேலையை, புதன்கிழமை மதியம் வரமுடியாது என்று சொல்லியே இழந்தார். "ஸ்கூல் இருக்குதுங்க" என்று அந்த வீட்டுக்காரரிடம் சொன்னாராம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆள் அப்படிச் சொன்னதில் வீட்டுக்காரருக்கு ஒரே குழப்பம்.

தின்னர் சொல்லிக் கொடுத்தது ரொம்பக் கொஞ்சம். பத்து நிமிஷம் பார், ஒரு நிமிஷம் வரை. எது எதிரில் இருக்கிறதோ அதைத்தான் வரைய வேண்டும். அது என்ன கலரோ அதே கலர்தான் போட வேண்டும். பிள்ளைகளின் தாளில் அவர் கை படாது. கோடு கோணலாகப் போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லைக் கடிப்பார்.

வினை இந்தப் பத்து நிமிஷத்தில் வந்தது. பிள்ளைகள் வீட்டிலும் பார்க்க ஆரம்பித்தார்கள். சாப்பிடுகிற அப்பாவைக் கண் இமைக்காமல் பார்த்தார்கள். தூங்குகிற மாமாவைக் குனிந்து பார்த்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி செல்வி, உப்பளத்தில் வேலை செய்பவர், யாழினியின் அம்மா. அவர் ஒருநாள் நேராக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், எங்க மாமனாருக்கு ஒரு காது பெருசுங்களா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"எங்களுக்கும் தெரியாது. நாப்பது பேர் இருக்கிற பந்தியில உங்க யாழினி பத்து நிமிசம் உத்துப் பாத்துட்டு சத்தமா சொல்லிட்டா. அளந்து பாத்தா நெஜமாவே பெருசு! இப்ப அந்தாளு காதோட சேத்துத் துண்டு கட்டிக்கினுதான் டீக்கடைக்கே போறாரு."

"உங்க யாழினி" என்று தன் மகளை என் தலையில் கட்டியதை நான் கண்டுகொள்ளவில்லை. குழு கூடியது. பெயிண்டருக்கு ஸ்கூலில் என்ன வேலை, பிள்ளைகள் பெரியவர்களை முறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்றெல்லாம் ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் செல்வி தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். பிள்ளைகளின் படத்தைப் பார்த்து அவர் நல்லது என்றால் தின்னர் வரட்டும். இல்லாவிட்டால் இனிமேல் வேண்டாம்.

இதைப் போய்ச் சொன்னபோது தின்னர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். அவர் நகைச்சுவையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "புதன்கெழம போயிடுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் புதன் மதியம் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் உட்கார வைத்தார். எதிரே உப்பளம். உச்சி வெயில். தின்னர் சாலைப் பக்கம் பார்த்து, லாரி வருகிறதா என்று காவல் நின்றார். முடித்ததும் தாள்களை வாங்கிச் சுருட்டி நூலால் கட்டிவிட்டார். நான் கை நீட்டினேன். "அதிகாரிக்கு முன்னாடி யாரும் பாக்கக் கூடாது, கண்ணு பட்டுடும்" என்று சுருளை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மாள் வந்தார். செல்வியும் குழுவும் வந்தார்கள். தின்னர் நைட்டி இல்லாமல், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மூலையில் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி நூலை அவிழ்த்தார். முதல் தாளை எடுத்தார். வெள்ளையாக இருந்தது. திருப்பினார். அந்தப் பக்கமும் வெள்ளை. இரண்டாவது தாள் வெள்ளை. மூன்றாவது வெள்ளை. பத்தொன்பதும் வெள்ளைத் தாள்.

"என்ன டீச்சர், பசங்க ஒண்ணுமே வரையலையா?"

நான் தின்னரைப் பார்த்தேன். தின்னர் தரையைப் பார்த்தார். அந்த வெயிலில் எல்லாத் தாளும் கண்ணைக் கூச வைத்ததில், வாங்கிய மனிதர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வரைஞ்சோமே மிஸ்!" என்றாள் யாழினி. "உப்பு மிஸ். வெள்ளைக் கிரேயான்ல."

"மேல வானம்?" என்றார் அதிகாரி.

"அதுவும் வெள்ளையாத்தான் இருந்திச்சி. தாள அப்பிடியே உட்டுட்டேன்."

கிரேயான் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எந்த ஊர்ப் பள்ளியிலும் கடைசிவரை முழுசாகக் கிடக்கும் வெள்ளைக் கிரேயான், எங்கள் பெட்டிகளில் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. எது என்ன கலரோ அதே கலர் என்று சொன்னால் உப்பளத்துப் பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? அதிகாரி யாழினியின் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஓரிடத்தில் மட்டும் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

"இது என்னம்மா?"

"எங்கம்மா. ரொம்ப தூரத்துல வேல செய்யிது."

அதிகாரி செல்போனை எடுத்துப் படம் பிடித்துப் பார்த்தார். "போட்டோல வெறும் தாள்தான் தெரியுது. இதை நான் ஆபீஸ் வெப்சைட்ல எப்படி ஏத்தறது?" என்றார் வருத்தத்தோடு.

அப்போது தின்னர் எழுந்தார். "டீச்சர், துணிக்குப் போடற சொட்டு நீலம் இருக்குதுங்களா?"

கொடியேற்றத்துக்கு மேஜைத்துணி வெளுக்க வாங்கியது இருந்தது. சத்துணவு டம்ளரில் தண்ணீர் பிடித்து நீலத்தைக் கலக்கினார். பின்பாக்கெட்டிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். எடுத்தவர் தாளைத் தொடவில்லை, யாழினியிடம் நீட்டினார். "நீயே அடி. மேல லேசா."

அவள் அடித்தாள். நீலம் தாளில் பரவியது. மெழுகு பட்ட இடத்தில் மட்டும் நிற்காமல் உருண்டு வழிந்து ஓடியது. நீலத்துக்கு நடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் ஒன்று, இரண்டு, ஏழு எழும்பி வந்தன. பாத்தி வரப்புகள் வந்தன. வெயிலுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, தலையில் கூடையோடு நாலு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியில் அந்தப் புள்ளி நின்றது.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஆய்வு எதுவும் நடக்கவில்லை. அடுத்த தாளை எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று ஒரே ரகளை. அதிகாரி அம்மாள் ஒருவனிடம், "நான் ஒரு ஓரத்துல மட்டும் அடிக்கட்டுமா?" என்று கெஞ்சினார். அவன் யோசித்துத்தான் சம்மதித்தான். வருகைப் பதிவேட்டைப் பார்க்க மறந்து, பட்டுப்புடவையில் நீலப் பொட்டுகளோடு அவர் ஜீப்பில் ஏறினார். பார்வையாளர் புத்தகத்தில் எழுத, ஓவியம் சொல்லிக் கொடுப்பவர் பெயர் என்ன என்று கேட்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பத்தொன்பது பேரும் "தின்னர் சார்!" என்று கத்திவிட்டார்கள். அவரும் அப்படியே எழுதிவிட்டுப் போனார்.

"மெழுகுல நீலம் ஒட்டாதுன்னு முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"படகுக்குப் பூசை போடும்போது மெழுகுவத்தி கொளுத்தி ஒழுக உட்டுடுவாங்க டீச்சர். அந்த எடத்துல பெயிண்டு நிக்கவே நிக்காது. முப்பது வருசமா அந்த மெழுவத் திட்டிக்கினு இருக்கேன். இன்னிக்கிதான் நமக்கு ஒரு நல்லது பண்ணிச்சி."

செல்வி தன் மகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார், ஈரம் காயவில்லை. "புதன்கெழம வரட்டும் டீச்சர்" என்றார். படியிறங்கியவர் திரும்பி, "ஆனா காதப் பத்திப் பேசக் கூடாது" என்றார்.

அடுத்த புதன்கிழமை தின்னர் வரவேண்டியது மதியம் இரண்டு மணிக்கு. காலை ஒன்பது மணிக்குப் பிரேயருக்கு மணி அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, ஒன்றாம் வகுப்பு வரிசையின் கடைசியில், முன்னால் நிற்பவன் தோளுக்குக் கை நீட்டி இடைவெளி பார்த்துக்கொண்டு, குளித்து முழுகி நின்றிருந்தார். உயரப்படி பார்த்தாலும் வயதுப்படி பார்த்தாலும் அது அவருக்கான இடமில்லை. வரிசையைச் சரிசெய்வதில் நான் ரொம்பக் கறாரானவள் என்று ஊருக்கே தெரியும். அன்று சரிசெய்யவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.